கார்லைல் பள்ளியின் ஜிம் தார்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டு வீரர் ஜிம் தார்ப் என்றதும் "ஒலிம்பிக் பதக்கத்தைப் பறிகொடுத்தவர்தானே?" என்று கேட்பவர்களே அதிகம். அது உண்மைதான். ஆனால் அந்த மனிதரின் கதை 1912 ஒலிம்பிக் நடந்த ஸ்டாக்ஹோமில் தொடங்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமுக்குள் நடந்த உறைவிடப் பள்ளியில், கல்லூரிக் கால்பந்து மைதானத்தில் தொடங்குகிறது. அந்தப் பள்ளியைப் புரிந்துகொள்ளாமல் பதக்கக் கதையைப் பேசினால் பாதிதான் பேசியதாகும் என்பது என் எண்ணம். அதனால் இந்தப் பக்கத்தில் பள்ளியைப் பற்றிய பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இது எந்தக் கால்பந்து?

நாம் ஊரில் ஆடும் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். அந்தக் காலத்தில் இந்த ஆட்டம் கல்லூரிகளின் சொத்து. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆடினால் நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதும். சம்பளத்துக்கு ஆடும் அணிகளை யாரும் பெரிதாக மதித்ததில்லை.

முரட்டு ஆட்டமும்கூட. 1905 பருவத்தில் மாணவர்கள் பலர் ஆடுகளத்தில் பட்ட அடியால் இறந்துபோக, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டிவந்தது. பந்தை முன்னோக்கிக் கையால் எறியலாம் என்ற விதி 1906இல் வந்தது அதன் பிறகுதான். தாக்குவதற்கு ஓர் அணி, தடுப்பதற்கு ஓர் அணி என்ற இன்றைய ஏற்பாடெல்லாம் அன்று கிடையாது. களமிறங்கிய பதினொரு பேரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். ஓடுவது, எறிவது, உதைப்பது, எதிரியை மடக்கிக் கீழே தள்ளுவது என எல்லாமே தார்ப்புக்குக் கைவந்தது. அவர் ஆடிய இடம் ஹாஃப்பேக், முன்வரிசைக்குப் பின்னால் நின்று பந்தோடு ஓடுபவரின் இடம்.

அவர் எங்கே பிறந்தவர்?

1887 மே மாதம், இன்றைய ஓக்லஹோமாவில், பிராக் என்ற சிற்றூருக்கு அருகே. 1888 என்று எழுதுபவர்களும் உண்டு. அப்போது ஓக்லஹோமா ஒரு மாநிலமே இல்லை. கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பரப்பு அது. தார்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்தவர். தாய்வழியில் பொட்டவாட்டமி ரத்தமும், இரு பக்கத்திலும் ஐரோப்பியக் கலப்பும் உண்டு. குடி மொழியில் அவர் பெயர் வா-தோ-ஹுக். 'ஒளி வீசும் பாதை' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

சார்லி என்று ஓர் இரட்டைச் சகோதரன் இருந்தான். சிறுவனாக இருக்கும்போதே நிமோனியாவில் போய்விட்டான். அதன் பிறகு ஜிம் எந்தப் பள்ளியிலும் ஒட்டவில்லை. சேர்த்துவிட்டால் ஓடிவந்துவிடுவான். கான்சாஸில் இருந்த ஹாஸ்கெல் பள்ளியிலிருந்தும் ஓடிவந்தான். பிறகு தாயும் இறந்தார். 1904இல் கார்லைல் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே தந்தையும் இறந்தார். பதினாறு, பதினேழு வயதில் பெற்றோர் இருவரும் இல்லை, வீடோ ஆயிரம் மைலுக்கு அப்பால்.

கார்லைல் ஒரு கல்லூரியா?

இல்லை. ஹார்வர்டையும் ராணுவ அகாடமியையும் எதிர்த்து ஆடியதால் கல்லூரி என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசாங்கத் தொழிற்பள்ளி. பூர்வகுடிகளை 'இந்தியர்' என்றே அன்று அழைத்தார்கள். 1879இல் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கியது. "அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு, மனிதனைக் காப்பாற்று" என்பது 1892இல் அவரே மேடையில் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை.

அதைச் சொல்லோடு விடாமல் நடத்தியும் காட்டினார்கள். பிள்ளைகள் வந்து இறங்கியதும் முதலில் முடியை வெட்டுவார்கள். பல பூர்வகுடிகளில் ஒருவர் இறந்தால்தான் உறவினர் முடியை வெட்டுவது வழக்கம். கத்தரிக்கோலைப் பார்த்த பிள்ளைகள் ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதார்கள். அடுத்து உடையும் பெயரும் மாறும். தாய்மொழியில் பேசினால் தண்டனை. அரை நாள் பாடம், அரை நாள் தொழில். தார்ப் கற்றது தையல் வேலை. பாதிக் காலம் வெள்ளையர் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்புவார்கள். 'அவுட்டிங்' என்பது அதற்குப் பள்ளி வைத்த பெயர். தார்ப்பும் பண்ணைகளுக்குப் போனார், அங்கிருந்தும் ஓடிவந்தார். ஓடிவந்தவனைப் பள்ளியின் காவல் அறையில் அடைப்பார்கள்.

ஒரு மொழியைப் பேசியதற்காகப் பிள்ளையை அடிப்பது என்றால் என்ன என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பள்ளியில் கால்பந்து எதற்கு?

பள்ளிக்கு அது விளம்பரம், கூடவே வருமானமும். பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானங்களுக்குப் போய் ஆடினால் நுழைவுக் கட்டணத்தில் பங்கு வரும். அந்தப் பணம் பள்ளியின் விளையாட்டு நிதியில் சேரும். பயிற்சியாளர் பாப் வார்னரின் கை அதில் ஓங்கியிருந்தது. ஆட்டத்தைத் திட்டமிடுவதில் வார்னர் மேதை, அதில் ஐயமில்லை. எடை குறைந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேகத்தையும் சூழ்ச்சியையும் நம்பி ஆடும் முறையை வளர்த்தவர் அவர்தான்.

பிள்ளைகளுக்கோ அது வேறு. வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒரே விதியின் கீழ், நடுவர் முன்னிலையில், நேருக்கு நேர் எதிர்க்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மைதானம்.

தார்ப் ஆட்டத்துக்குள் எப்படி வந்தார்?

1907 வசந்தத்தில் ஒரு மாலை. தடகள அணியினர் உயரம் தாண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கம்பி 5 அடி 9 அங்குலத்தில் நின்றது, யாராலும் தாண்ட முடியவில்லை. வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்த தார்ப், தானும் ஒரு முறை முயலலாமா என்று கேட்டார். சிரித்தார்கள். வேலைக்குப் போடும் தொளதொள முழு உடையோடும் சாதாரணச் செருப்போடும் ஓடிவந்து தாண்டிவிட்டு, தன் வழியே போய்விட்டார். மறுநாள் வார்னர் ஆள் அனுப்பினார்.

கால்பந்துக்கு அனுப்ப வார்னருக்கு மனமில்லை. தடகளத்துக்குக் கிடைத்த பொக்கிஷம் எலும்பு முறிந்து படுத்துவிடுமோ என்ற பயம். தார்ப் விடாமல் நச்சரிக்கவே, "சரி, தடுப்பவர்களுக்கு நடுவே ஓடிக்காட்டு" என்று பந்தைக் கொடுத்தார். தார்ப் மொத்த அணியையும் கடந்து மறுமுனைக்குப் போனார். இன்னொரு முறை ஓடச் சொன்னார்கள், மறுபடியும் கடந்தார். இதைப் பிற்காலம் முழுவதும் வார்னரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது?

ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் 1911 நவம்பர் 11, ஹார்வர்டுக்கு எதிராக.

அன்று ஹார்வர்டு நாட்டின் பெரிய அணிகளில் ஒன்று. கார்லைலுக்கு முதல் தர ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று நினைத்து, பதிலி ஆட்களை வைத்தே தொடங்கியது. தார்ப்போ முந்தைய ஆட்டத்தில் காலில் அடிபட்டு, கணுக்காலில் கனத்த கட்டோடு வந்திருந்தார். அந்த நிலையிலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், நான்கு ஃபீல்டு கோல் அடித்தார். கடைசியாக அடித்தது ஏறத்தாழ 48 கெஜத்திலிருந்து. ஹார்வர்டு முதல் தர ஆட்களை இறக்கியபோது நேரம் கடந்துவிட்டது. கார்லைல் 18, ஹார்வர்டு 15.

அடுத்த வாரமே சிராகியூஸிடம் ஒரே ஒரு புள்ளியில், 12-11 என்று தோற்றார்கள். அந்தப் பருவம் முழுவதிலும் தோற்றது அது ஒன்றுதான்.

ராணுவ அகாடமி ஆட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தேதியைப் பாருங்கள்: 1912 நவம்பர் 9. தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா பூர்வகுடி மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக் குவித்தது 1890 டிசம்பரில். இடையில் 22 ஆண்டுகூட நிரம்பவில்லை. கார்லைல் பிள்ளைகளுக்கு அது வரலாறு இல்லை, வீட்டில் பெரியவர்கள் சொல்லி அழும் துக்கம். ராணுவ அகாடமி இருக்கும் வெஸ்ட் பாயிண்டில் எதிரே நின்றவர்கள் அதே ராணுவத்தின் அதிகாரிகளாகப் போகிறவர்கள். "உங்கள் தகப்பன்மாரோடு சண்டை போட்டது இவர்களுடைய தகப்பன்மார்தான்" என்று வார்னர் ஏற்றிவிட்டார் என்பார்கள். சொல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

கார்லைல் 27-6 என்று வென்றது. ராணுவ அணியின் தலைவர் கார்லைல் வீரர் ஒருவரைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். தார்ப்பை நிறுத்த முயன்று தோற்றவர்களில் டுவைட் ஐசனோவர் என்ற இளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான அதே ஐசனோவர்தான்.

அந்த 1912 பருவத்தில் தார்ப் அடித்தவை 25 டச்டவுன், 198 புள்ளி. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணியில் 1911, 1912 இரண்டு ஆண்டும் அவர் பெயர் இருந்தது.

பயிற்சியே செய்யாத பிறவி மேதை என்கிறார்களே?

இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஐசனோவரும் இதைச் சொல்லியிருக்கிறார், பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைய நாளேடுகள் பூர்வகுடி வீரர்கள் எல்லோரையும் பற்றி எழுதியது இதையேதான்: காட்டில் பிறந்த உடல்பலம், சோம்பேறி, அறிவைப் பயன்படுத்தாதவன். ஸ்டாக்ஹோமுக்குப் போன கப்பலில் தார்ப் தூங்கியே பொழுதைக் கழித்தார் என்ற கதையும் இந்த ரகம்தான். கப்பல் தளத்தில் அவரோடு சேர்ந்து ஓடிப் பழகியதை உடன் சென்ற வீரர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் செய்வதைக் கூர்ந்து பார்த்து, மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதுவும் பயிற்சிதானே.

ஸ்டாக்ஹோமில் என்ன நடந்தது?

1912 ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். ஐந்து போட்டி சேர்ந்தது முன்னது, பத்துப் போட்டி சேர்ந்தது பின்னது. இவை போதாதென்று தனி உயரம் தாண்டுதலில் நான்காம் இடம், நீளம் தாண்டுதலில் ஏழாம் இடம். டெகத்லானில் அவர் எடுத்தது 8,412 புள்ளி. இரண்டாவது வந்த ஸ்வீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டர் கிட்டத்தட்ட 700 புள்ளி பின்தங்கியிருந்தார்.

அந்த நாட்களில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு, கிடைத்தால் காலைப் பாருங்கள். இரண்டு ஷூவும் வேறு வேறு, காலுறைகளும் வேறு வேறு. அவருடைய ஷூ காணாமல் போய்விட்டதாகவும், கிடைத்த இரண்டை மாட்டிக்கொண்டதாகவும், ஒன்று பெரிதாக இருந்ததால் கூடுதல் காலுறை போட்டு இறுக்கியதாகவும் சொல்வார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். அதே கார்லைல் பள்ளியிலிருந்து போன ஹோப்பி இன வீரர் லூயிஸ் டெவானிமா, அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஹோப்பி மக்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததால், கிட்டத்தட்டக் கைதியாகவே 1907இல் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர்.

பதக்கங்களை ஏன் பறித்தார்கள்?

1913 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் நாளேடு ஒன்று செய்தி போட்டது: தார்ப் 1909, 1910 கோடைகளில் வடக்கு கரோலினாவில், ராக்கி மவுண்ட் போன்ற சிற்றூர் அணிகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். உண்மைதான், ஆடினார். வாரத்துக்கு 35 டாலர் வரை வாங்கியதாகச் சொல்வார்கள். எந்த விளையாட்டிலாவது காசு வாங்கியவர் ஒலிம்பிக்கில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி.

கல்லூரி மாணவர்கள் பலர் கோடையில் அப்படி ஆடுவது ஊரறிந்த ரகசியம். அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள், தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார். காசுக்கு ஆடாத வீரர்களை நிர்வகித்த அமெரிக்க அமெச்சூர் சங்கத்துக்கு தார்ப் எழுதிய கடிதத்தில் இதையேதான் சொன்னார்: நான் வெறும் இந்தியப் பள்ளிப் பையன், இதெல்லாம் எனக்குத் தெரியாது, மற்றக் கல்லூரி ஆட்கள் செய்ததைத்தான் செய்தேன், அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் இரங்கவில்லை. ஒலிம்பிக் கமிட்டி பதக்கங்களைத் திரும்ப வாங்கி, பெயரை ஏட்டிலிருந்து அடித்தது. ஆனால் புகார் எதுவானாலும் போட்டிகள் முடிந்த 30 நாளுக்குள் வர வேண்டும் என்று அந்த ஒலிம்பிக்கின் விதிப் புத்தகத்திலேயே இருந்தது. செய்தி வந்ததோ ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து. அவர்மேல் ஒரு விதியைப் பாய்ச்சியவர்கள், அவரைக் காத்திருக்க வேண்டிய இன்னொரு விதியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வார்னருக்குத் தெரியாதா?

தெரியாது என்று சாதித்தார். பள்ளிக் கண்காணிப்பாளர் மோசஸ் ஃப்ரீட்மேனும் அப்படியே கையைக் கழுவிக்கொண்டார். நட்சத்திர ஆட்டக்காரன் இரண்டு ஆண்டு பள்ளியில் இல்லை, எங்கே போனான் என்று பயிற்சியாளருக்குத் தெரியாது என்பதை நம்ப என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தையே வார்னர்தான் எழுதிக்கொடுத்தார் என்று ஆராய்ந்தவர்கள் பலர் கருதுகிறார்கள். 'இந்தியப் பள்ளிப் பையன்' என்ற அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அப்போது அவருக்கு 25 வயது.

பள்ளிக்கும் கணக்குத் தீர்ந்தது. குஸ் வெல்ச் என்ற கால்பந்து வீரர் முன்னின்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நேரில் வந்து விசாரித்தது. விளையாட்டு நிதி செலவான விதம், மாணவர்களை வார்னர் நடத்திய விதம் எல்லாம் வெளியே வந்தன. ஃப்ரீட்மேன் பதவி இழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கும் புகழோடு பயிற்சியாளராக இருந்தார்.

தார்ப் அப்போது அமெரிக்கக் குடிமகனா?

பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை தந்த சட்டம் 1924இல்தான் வந்தது. தார்ப் அப்போது அரசின் பொறுப்பில் இருக்கும் ஆள் என்ற கணக்கில்தான் நடத்தப்பட்டார். தனக்கு ஒதுக்கிய நிலத்தின் குத்தகைப் பணத்தைத் தொடவே அரசு ஏஜெண்டிடம் எழுதிக் கேட்க வேண்டும். சொந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இருந்தவரைத்தான் பேஸ்பால் கூலிக்காகத் தண்டித்தார்கள்.

பதக்கம் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது, அவர் காலத்தில் இல்லை. 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ் கடைசி வரை மறுத்தார். 1912இல் அதே பென்டத்லானிலும் டெகத்லானிலும் தார்ப்போடு போட்டியிட்டுத் தோற்றவர் அவர். 1982இல்தான், அந்த 30 நாள் விதியை எடுத்துக்காட்டிப் போராடியவர்களால், கமிட்டி இறங்கிவந்தது. 1983 ஜனவரியில் தார்ப்பின் பிள்ளைகளிடம் மாற்றுப் பதக்கங்களைக் கொடுத்தார்கள். அப்போதும் முழு மனதோடு இல்லை, 'இணை வெற்றியாளர்' என்றுதான் எழுதினார்கள். ஒரே வெற்றியாளர் ஜிம் தார்ப் என்று ஏடு திருத்தப்பட்டது 2022 ஜூலையில். தங்கம் தனக்குரியது என்று வீஸ்லாண்டர் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அவர் குடும்பத்தாரும் உறுதிசெய்தார்கள்.

கல்லூரிக் கால்பந்துக்குப் பிறகு?

1913இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்து, 1919 வரை பெரிய லீக்கில் 289 ஆட்டம் ஆடினார். 1915இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் புல்டாக்ஸ் கால்பந்து அணி ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அழைத்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. அவர் வந்தார் என்பதற்காகவே கூட்டம் வந்தது. 1920இல் சம்பள அணிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தபோது முதல் தலைவராக அவரையே வைத்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய சம்பள லீக்கான இன்றைய என்எஃப்எல் அந்தச் சங்கம்தான். 1922, 1923இல் பூர்வகுடிகள் மட்டுமே ஆடிய ஊராங் இந்தியன்ஸ் அணியை நடத்தினார். 1928இல் ஆட்டத்தை விட்டார். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார்.

நடுவே ஒரு பெரிய இடி. 1918இல் மூத்த மகன், மூன்று வயதுப் பையன், நோயில் இறந்துபோனான். ஜிம் அதன் பிறகு பழைய ஜிம்மாக இல்லை என்று நெருங்கியவர்கள் சொன்னார்கள். குடிப்பழக்கம் அதிகமானது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

கஷ்டம். பொருளாதார மந்தக் காலத்தில் மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார், திரைப்படங்களில் கூட்டத்தோடு நின்றார். தன் வாழ்க்கைக் கதையின் பட உரிமையை 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தபோது டிக்கெட் வாங்கக் கையில் காசில்லை. செய்தி பரவியதும், 'கா' என்ற பூர்வகுடியின் வழிவந்தவரான துணை அதிபர் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அவரைத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

1950இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு உதட்டுப் புற்றுநோய்க்குத் தர்ம நோயாளியாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1953 மார்ச் 28 அன்று, கலிஃபோர்னியாவில், குடியிருந்த டிரெய்லர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

பென்சில்வேனியாவில் அவர் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதாமே?

இருக்கிறது. அவர் வாழ்நாளில் வாழ்ந்திராத ஊர் அது.

ஓக்லஹோமாவில் சாக் அண்ட் ஃபாக்ஸ் முறைப்படி இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மனைவி பட்ரிஷியா சவ வண்டியோடு வந்து உடலை எடுத்துச் சென்றார். நினைவிடம் கட்டப் பணம் தர ஓக்லஹோமா அரசு முன்வராத நிலையில், நிலக்கரிச் சுரங்கங்கள் நொடித்து வாடிக்கொண்டிருந்த மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்ற இரட்டை ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஊர்கள் 1954இல் ஒன்றாக இணைந்து 'ஜிம் தார்ப்' என்று பெயர் சூட்டிக்கொண்டன. சமாதியில் ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் அரங்கின் மண்ணும் தூவியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இன்றுவரை மரியாதையோடு பராமரிக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சடங்கு பாதியில் நின்றுபோனது. அது நிறைவேறாமல் ஆன்மா அலையும் என்பது அந்தக் குடியின் நம்பிக்கை. மகன் ஜாக் தார்ப் 2010இல் வழக்குத் தொடுத்தார், மறு ஆண்டே இறந்தார். அவருடைய சகோதரர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். 2013இல் கீழ் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2014இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. 2015இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

கார்லைல் பள்ளி இப்போது என்ன ஆனது?

1918இல் மூடினார்கள், இடம் மறுபடியும் ராணுவத்திடமே போயிற்று. பள்ளியில் இருந்தபோதே நோயில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகள், வரிசை வரிசையாக வெள்ளைக் கற்களோடு, வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2017 முதல், குடும்பங்கள் கேட்கக் கேட்க, ராணுவம் அந்தப் பிள்ளைகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவருகிறது. நூறாண்டுக்கு மேல் கழிந்து வீடு திரும்பும் அந்தப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்த மொழியில் பாடி அடக்கம் செய்கிறார்கள். தார்ப் இன்னும் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறார்.